ஊசிக்கு எத்தனை கிராம்?

“ரிக்கார்டு குதிக்குதா? தலை மேல ஒரு காச வை.” மைக்செட் காலத்தை எட்டிப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போதும், தெருவை அடைத்துப் பந்தல் போட்ட கல்யாணங்களிலும், குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மைக்செட் அண்ணன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இன்றைக்குப் புதிதாக டர்ன்டேபிள் வாங்கும் பிள்ளைகளைக் கேட்டால் நேர் எதிராகச் சொல்கிறார்கள்: “எடை எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது சார், ரிக்கார்டு தேயாது.” இரண்டு பேருமே ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எந்த இடம் என்று பார்க்க, ஊசி என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து நாம் தொடங்க வேண்டும். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சில்லை, இன்னொன்றும் சேர்த்தே சொல்லிவிடுவோம்.

முதலில் நம் வீட்டில் இருப்பது எது? வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் பிளேயர்கள் வந்து சேர்ந்த வழிகள் பல. எச்.எம்.வி. ஃபியஸ்டா, கேலிப்ஸோ மாதிரி நம் நாட்டிலேயே கடையில் விற்ற பெட்டிப் பிளேயர்கள் உண்டு. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் துறைமுகத்தை ஒட்டிக் கடை போட்ட பர்மா பஜார் வழியாக வந்த வெளிநாட்டுச் செட்டுகள் உண்டு. கப்பல் வேலைக்குப் போனவர்கள் கையோடு கொண்டுவந்தவையும் உண்டு. ரிக்கார்டுக்கு மூர் மார்க்கெட், அது 1985-இல் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகம். பரணிலிருந்து இறக்கியதோ, போன மாதம் இணையத்தில் வாங்கியதோ, எல்லாவற்றிலும் ஊசி செய்கிற வேலை ஒன்றுதான்.

எல்.பி. ரிக்கார்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். ஓரத்தில் தொடங்கி, சுழன்று சுழன்று நடுவுக்கு வருகிறது. இருபது நிமிடப் பாட்டுள்ள பக்கத்தில் அதைப் பிரித்து நீட்டிவைத்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள், ஒவ்வொன்றும் 45 பாகை சரிந்து அடியில் சேர்கின்றன. ஸ்டீரியோ ரிக்கார்டில், நடுவை ஒட்டிய உள்சுவரில் இடது ஸ்பீக்கருக்கான ஒலி, வெளிச்சுவரில் வலது ஸ்பீக்கருக்கானது. 1978-இல் வந்த ‘ப்ரியா’ பாட்டுகளில் ஒரு வாத்தியம் இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் கேட்பதற்கு இந்த இரண்டு சுவர்கள்தான் காரணம். வைர முனை பள்ளத்தின் அடியைத் தொடுவதே இல்லை. இரண்டு சுவர்களிலும் தோள் சாய்த்துக்கொண்டு, நடுவில் தொங்கியபடிதான் ஓடுகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் வேண்டியிருக்கும்.

சுவர் நெளியும்போது முனையும் நெளிகிறது. முனை ஒட்டியிருக்கும் மெல்லிய குழாயின் மறுமுனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய காந்தம். அதன் பக்கத்தில் கம்பிச்சுருள்கள். சுருளருகே காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்து ஜெனரேட்டர் ஓடுவதும் இதே விதிப்படிதான். என்ன, இங்கே பிறப்பது நான்கைந்து மில்லிவோல்ட். இந்தக் காந்தமும் சுருளும் அடங்கிய சின்னப் பெட்டிக்குத்தான் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். ஊசி அதன் முன்பக்கத்தில் செருகிக் கழற்றுகிற பகுதி. தேய்ந்தால் பெரும்பாலும் ஊசியை மட்டும் மாற்றினால் போதும்.

பழைய பெட்டிப் பிளேயர்களில் இருப்பது வேறு இனம். அதில் காந்தம் கிடையாது. அழுத்தினால் மின்சாரம் தருகிற ஒரு படிகத் துண்டோ செராமிக் துண்டோ இருக்கும். ஊசிக்கு அருகே ஒரு குட்டி நெம்புகோல், அதைத் திருப்பினால் ஒரு பக்கம் எல்.பி. ஊசி, மறுபக்கம் பழைய 78 ரிக்கார்டுகளுக்கான ஊசி வரும். பார்த்தவுடன் அடையாளம் தெரியும். ஆரம்பகாலத் தலைகளில், அதாவது கார்ட்ரிட்ஜுகளில், ரோஷல் உப்பு என்ற படிகத்தைப் போட்டார்கள். உப்பு என்று சொல்லும்போதே புரிந்திருக்கும், ஈரத்தோடு அதற்கு ஒத்துவராது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் நாற்பது ஐம்பது மழைக்காலம் கண்ட தலைக்குள் அந்தப் படிகம் உருப்படியாக இருந்தால்தான் ஆச்சரியம். பிளேயர் சுற்றுகிறது, ஊசியும் நன்றாக இருக்கிறது, பாட்டு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் பெரும்பாலும் கதை இதுதான். அதை ரிப்பேர் செய்ய முடியாது. செராமிக் தலைதான் மாற்று.

எந்த இனம் என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினைகள் கேட்காமலே தீரும். செராமிக் தலை தருவது அரை வோல்ட் அளவுக்கு. ஆம்ப்ளிஃபையரில் ஆக்ஸ் என்று எழுதிய துளையில் செருகினால் நேராகப் பாடும். காந்தத் தலை தருவது அதில் நூற்றில் ஒரு பங்கு. அதை ஃபோனோ என்ற துளையில்தான் செருக வேண்டும். உங்கள் ஆம்ப்ளிஃபையரில் அந்தத் துளை இல்லாவிட்டால் இடையில் ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். ஒலியைப் பெரிதாக்குவதோடு அதன் வேலை முடிவதில்லை. கீழ்ஸ்தாயி ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடிப் பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். அதனால் ரிக்கார்டு வெட்டும்போதே கீழ் ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைக் கூட்டிவிடுகிறார்கள். இரண்டு கோடியிலும் ஏறத்தாழ பத்து மடங்கு. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்ததை 1954-இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே கணக்காக்கினார்கள். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் ப்ரீஆம்ப். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய், ஜால்ரா மட்டும் தகரம் மாதிரிக் கேட்டால் கார்ட்ரிட்ஜைக் குறை சொல்ல வேண்டாம். துளை மாறியிருக்கிறது.

இப்போது எடைக்கு வருவோம். ஊசி ரிக்கார்டை எவ்வளவு அழுத்துகிறது என்பதை கிராமில் சொல்வது வழக்கம். இன்றைக்குப் பரவலாகக் கிடைக்கும் ஆடியோ டெக்னிகா வி.எம்.95ஈ கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம், அதாவது நடுவில் 2. ஆர்ட்டோஃபான் 2எம் ரெட்டுக்கு 1.8. விலை குறைந்த டர்ன்டேபிள்களோடு வரும் தலைகளுக்குச் சுமார் 3. பழைய செராமிக்குகள் ஐந்து ஆறு கிராம் கேட்கும். இந்த எண்களைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: 1.8 முதல் 2.2 வரை என்றால் 1.8-இல் வைப்போம். முடிந்தால் 1.5-இல் வைப்போம். அழுத்தம் குறைந்தால் தேய்மானமும் குறையத்தானே வேண்டும்?

நியாயமான யோசனைதான், ஆனால் தப்பு. ஓடுகிற ஊசியின் கஷ்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். பாட்டின் உச்சமான இடத்தில் சுவர் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. முனை அந்த வேகத்தில் இப்படியும் அப்படியும் எறியப்படுகிறது. அப்போது அதைச் சுவரோடு ஒட்டவைத்திருப்பது மேலிருந்து வரும் அந்த 2 கிராம் ஒன்றுதான். அது போதாவிட்டால் முனை சுவரில் ஏறி, தொடர்பு விட்டு, திரும்ப வந்து விழும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டிரெய்லரைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறி எகிறிக் குதிக்கும், சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்கும். அதே வண்டி லோடு ஏற்றிக்கொண்டு அதே பள்ளத்தில் போகும்போது தரையோடு படிந்து போகும். (சாலைக்கு எது அதிகக் கெடுதல் என்பது நெடுஞ்சாலைத் துறையின் கணக்கு, அதற்குள் போக வேண்டாம்.) லோடு இல்லாத ஊசியும் அப்படித்தான் எகிறுகிறது. எகிறி விழும்போது அது உலகத்திலேயே கெட்டியான பொருளான வைரம். விழுகிற இடம் வினைல் என்ற வெறும் பிளாஸ்டிக்.

சரியான எடையில் வினைல் கொஞ்சம் அமுங்கி, ஊசி கடந்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். எகிறி விழுந்த இடத்தில் அது நடக்காது, சுவர் பெயர்ந்துவிடும். எஸ். ஜானகி உச்சத்துக்குப் போகும்போது ஒரு கரகரப்பு, ‘ஸ’, ‘ச’ வரும் இடமெல்லாம் ஒரு சீறல் என்று அது கேட்கும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல ஊசியை வைத்தாலும் அந்தக் கரகரப்பு போகாது. ரிக்கார்டைக் காப்பாற்றுகிறோம் என்று எடையைக் குறைத்தவர்கள்தான் அதிகமாகக் கெடுத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் நடுவில் வையுங்கள், சந்தேகம் வந்தால் நடுவுக்கு ஒரு துளி மேலே.

இந்தத் தப்பெண்ணத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்கக் கம்பெனிகள் எடைக் குறைப்பில் போட்டி போட்டன. ஷ்யூர் கம்பெனியின் வி-15 வரிசைக் கார்ட்ரிட்ஜுகள் ஒரு கிராம் அளவிலேயே ஓடின. ஆனால் அந்த ஊசிகள் அதற்கென்றே மிக மென்மையாகச் செய்யப்பட்டவை, கூடவே கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் மிக லேசாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் கிராம் மட்டும் மக்கள் மனத்தில் நின்றது, மற்றது நிற்கவில்லை. ஷ்யூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அந்த எண் மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறது.

சரி, காசு வைக்கும் கட்சிக்கு என்ன பதில்? பழைய பெரிய எவர்சில்வர் ஒரு ரூபாய்க் காசு கிட்டத்தட்ட 5 கிராம். 2 கிராம் ஊசியின் தலையில் அதை வைத்தால் 7. ஊசியைத் தாங்கும் மெல்லிய குழாய் மடங்கி, கார்ட்ரிட்ஜின் வயிறே ரிக்கார்டில் உரசும். மைக்செட் அண்ணனுக்கு அது பலித்தது, ஏனென்றால் அவரிடம் இருந்தது செராமிக் தலை, அது முரடு. ரிக்கார்டைப் பற்றியும் அவருக்குப் பெரிய கவலை இல்லை. விடிவதற்குள் அந்தத் தட்டு நாலு தடவை ஓட வேண்டும், அவ்வளவுதான். அந்த ரிக்கார்டுகள்தான் பிறகு மூர் மார்க்கெட்டுக்கு வந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளங்கள் கருப்பாக மின்னாமல் சாம்பல் பூத்திருக்கும். அதில் கரகரப்பு வந்தால் உங்கள் கார்ட்ரிட்ஜ் நிரபராதி. குதிப்பதற்குக் காரணம் எடைக் குறைவாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் பள்ளத்தில் அழுக்கு, தேய்ந்த ஊசி, மட்டமில்லாத மேசை, அல்லது கிரீஸ் காய்ந்து இறுகிய டோன்ஆர்ம். காசு இவற்றில் எதையும் சரிசெய்யாது, மூடி மறைக்கும்.

எடை வைக்கும் முறையைப் பார்ப்போம். ஊசியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு (அதற்கும் எடை உண்டு), ஆன்டிஸ்கேட் குமிழைச் சுழியத்தில் வைத்து (அது என்ன என்பது பின்னால் வரும்), டோன்ஆர்மை ரிக்கார்டுக்கு வெளியே கையால் தாங்கிப் பிடியுங்கள். பின்னால் இருக்கும் எடைக்கல்லைத் திருகித் திருகி, கையை எடுத்தாலும் ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் காற்றில் மட்டமாக நிற்கும்படி செய்யுங்கள். இப்போது ஊசியின் எடை சுழியம். எடைக்கல்லை அசைக்காமல், அதன் முகப்பில் எண் எழுதிய வளையத்தை மட்டும் திருப்பி 0-வைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் பலர் கல்லையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள். பிறகு கல்லையும் வளையத்தையும் சேர்த்தே திருப்பி 2-க்கு வந்தால் 2 கிராம். இதைச் சரிபார்க்கச் சில நூறு ரூபாய்க்கு ஊசித் தராசு கிடைக்கிறது. அதன் தட்டு ரிக்கார்டின் உயரத்திலேயே இருப்பதுதான் விசேஷம். என்.எஸ்.சி. போஸ் ரோட்டு நகைக்கடைத் தராசு மில்லிகிராம் சுத்தமாகக் காட்டும், ஆனால் அதன் உயரத்துக்கு ஆர்மைத் தூக்கினால் கணக்கு மாறிவிடும். இன்னொன்று, தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய் எடை காட்டும்.

புதுக் கார்ட்ரிட்ஜைப் பொருத்துகிறோம் என்றால் எடைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒயர் வேலை. இதற்கு மட்டும் மூடியை ஊசியில் மாட்டியே வைத்திருங்கள். கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு பின்கள், ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் திருகிப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லிலிருந்து வரும் நான்கு மயிரிழை ஒயர்கள். வெள்ளை இடது, நீலம் இடது எர்த். சிவப்பு வலது, பச்சை வலது எர்த். உலகம் முழுக்கப் பெரும்பாலும் இதே நிறம்தான். ஒயர் முனையின் கிளிப்பை நோஸ் பிளேயரால் பிடித்து மெல்லத் தள்ள வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் கிளிப்பிலிருந்து அறுந்து வரும். கிளிப் தளர்வாக இருந்தால் பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டுக்கொண்டு லேசாக நெருக்கலாம். என்ன ஆனாலும் பின்னில் சால்டரிங் மட்டும் வைக்காதீர்கள், சூடு உள்ளே போனால் சுருள் போய்விடும்.

நம் பக்கத்தின் பிரத்தியேக வியாதி இங்கேதான் இருக்கிறது. உப்புக்காற்று. ஜன்னல் கம்பியைத் தின்கிற காற்று இந்தக் கிளிப்பை விடுமா? பச்சைப் பாசி மாதிரிப் பூத்திருக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போவது, ஹெட்ஷெல்லைத் தட்டினால் திரும்ப வருவது, எல்லாம் இதன் வேலை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த இயர்பட்டால் துடைக்கலாம். ஹெட்ஷெல்லைக் கழற்றினால் தெரியும் நான்கு வெண்கலப் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த் துகளை ஊதிவிட்டு மாட்டிப் பாருங்கள். புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கப் புறப்பட்ட பலரின் பணம் இதிலேயே மிச்சமாகும்.

அடுத்தது கோணம். ரிக்கார்டை வெட்டிய இயந்திரத்தின் வெட்டுமுனை ஓரத்திலிருந்து நடுவுக்கு நேர்க்கோட்டில் போகிறது. நம் டோன்ஆர்ம் ஒரு முனையில் கட்டப்பட்டது, வில்லாகத்தான் வளைந்து போக முடியும். அதனால் ஊசி பள்ளத்துக்கு மிகச் சரியாக நேராக நிற்பது பக்கம் முழுவதிலும் இரண்டே இடங்களில்தான். மற்ற இடங்களில் பிழை குறைவாக இருக்கும்படி அந்த இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்கும் கணக்கை லோஃப்கிரன் 1938-லும் பேர்வால்ட் 1941-லும் போட்டு வைத்துவிட்டார்கள். பேர்வால்ட் கணக்குப்படி ரிக்கார்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும். இந்தப் புள்ளிகளும் கட்டங்களும் வரைந்த தாள் இணையத்தில் இலவசம். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். தாளுக்குள் அடங்கட்டும் என்று தம்பி ஒரு பொத்தானை அழுத்திச் சுருக்கிவிட்டால் எல்லாம் வீண். வாங்கியதும் ஸ்கேல் வைத்து 66 மில்லிமீட்டர் 66-ஆகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

தாளைத் தட்டின் மேல் வைத்து, ஊசியை முதல் புள்ளியில் இறக்கி, கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு விளிம்பு கட்டத்தின் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு திருகையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஹெட்ஷெல்லின் நீண்ட துளைக்குள் கார்ட்ரிட்ஜை முன்னே பின்னே நகர்த்தித் திருப்ப வேண்டும். பிறகு இரண்டாம் புள்ளி. அங்கே சரிசெய்தால் முதல் புள்ளி கெடும், திரும்ப அங்கே போக வேண்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் சரியாக வரும்வரை போய்ப்போய் வர வேண்டியதுதான். கார்ட்ரிட்ஜ் நகர்ந்ததால் எடையும் மாறியிருக்கும், அதை மறுபடி பாருங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? பக்கத்தின் கடைசிப் பாட்டுக்காக. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஓரத்தில் ஒரு சுற்று பெரியது, அதனால் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டை அதில் பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதியாக வேண்டும். கூர்மையான உயர் ஒலி ஒன்றின் ஒரு நெளிவு ஓரத்தில் 51 மைக்ரான் என்றால் உள்ளே 21 மைக்ரான். சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரான். நெளிவுக்குள் ஊசி நுழைவதற்கே திணறும் இடத்தில் கோணமும் கோணலாக இருந்தால் கேட்க வேண்டாம். முதல் பாட்டு தேனாகவும் கடைசிப் பாட்டு கரகரப்பாகவும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கோணத்தை.

ஆன்டிஸ்கேட் பற்றிச் சுருக்கமாக. ஆர்ம் வளைந்திருப்பதால் ஓடும்போது ஊசி நடுவைப் பார்த்து இழுக்கப்படுகிறது. அதற்கு எதிர் இழுப்புக் கொடுப்பது அந்தக் குமிழ். எடை 2 என்றால் இதையும் 2-இல் வைத்துத் தொடங்குங்கள். கரகரப்பு வலது ஸ்பீக்கரில் மட்டும் வந்தால் ஊசி உள்சுவரில் சாய்ந்து வெளிச்சுவரை விடுகிறது என்று அர்த்தம், கொஞ்சம் கூட்டுங்கள். இடதில் வந்தால் குறையுங்கள். ஆர்மைப் பக்கவாட்டில் பார்க்கும்போது ரிக்கார்டுக்கு இணையாகவும், முன்னாலிருந்து பார்க்கும்போது ஊசி செங்குத்தாகவும் இருந்தால் உயரத்தைப் பற்றி அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஒரு பக்கம் ஊமை. எங்கே பழுது? ஒலியளவைக் குறைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் பின்னால் சிவப்பு, வெள்ளை இரண்டு செருகிகளையும் இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் மாறவே இல்லை என்றால் பழுது ஆம்ப்ளிஃபையரிலோ ஸ்பீக்கரிலோ. பிளேயரைத் தொடவே வேண்டாம். ஊமை அடுத்த பக்கத்துக்குத் தாவினால் பழுது பிளேயர் பக்கம். செருகிகளைப் பழையபடி வைத்துவிட்டு, இதே பரீட்சையை ஹெட்ஷெல்லில் செய்வோம்: வெள்ளை, நீலம் இருந்த இடத்தில் சிவப்பு, பச்சை. இப்போது ஊமை தாவினால் கார்ட்ரிட்ஜ் போய்விட்டது. தாவாவிட்டால் ஆர்முக்குள் ஓடும் ஒயரிலோ கிளிப்பிலோ பழுது. இரண்டே மாற்றத்தில் ஆள் பிடிபட்டுவிடுவான்.

‘ம்ம்ம்’ என்ற ஹம்மிங் வந்தால் பிளேயரின் பின்னாலிருந்து வரும் ஒற்றை மெல்லிய எர்த் ஒயர் ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மாட்டியும் போகவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் கார்ட்ரிட்ஜுக்கு மிக அருகில் இருக்கலாம், ஒரு முழம் தள்ளி வையுங்கள். அந்த ஒயரைச் சுவர் பிளக்கின் எர்த்தில் நீங்களாக இணைக்கப் பார்க்காதீர்கள். பழைய வீடுகளில் அந்த எர்த் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஊசி குதிக்கிறதா? ராயபுரத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மாடியில் ஆள் நடந்தாலே தரை அதிரும், லாரிக்குச் சொல்ல வேண்டாம். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக ஆடும் வேகம் விநாடிக்கு 8 முதல் 12 தடவைக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்குக் கீழே போனால் நடை அதிர்வையும் ரிக்கார்டின் வளைவையும் ஊசி வாங்கிக்கொள்ளும், மேலே போனால் பாட்டிலேயே குறுக்கிடும். கனமான ஆர்மில் மிக மென்மையான ஊசியைப் போடக்கூடாது என்பது இதனால்தான். அதைவிடச் சுலபமான வழி இடம் மாற்றுவது. மர மேசையை விட்டுவிட்டு, சுவரில் பதித்த கடப்பாக் கல் அலமாரித் தட்டில் பிளேயரை வையுங்கள். ஸ்பீக்கரை அதே தட்டில் வைக்காதீர்கள்.

பாட்டு எல்லாம் சோம்பலாக, ஸ்தாயி இறங்கிக் கேட்டால் அது கார்ட்ரிட்ஜ் சமாச்சாரமே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஏ.சி. மோட்டார் பிளேயர்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை, நம்முடையது 50. வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடலாம், ஹெர்ட்ஸுக்கு அது உதவாது. 33⅓ சுற்ற வேண்டியது 28-க்கும் கீழே சுற்றும். மோட்டாரின் புல்லியை மாற்ற வேண்டும்.

பிறகு தூசி. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை நீதிமன்றம் 2011-இல் நிறுத்தும்வரை ராயபுரத்து வீடுகளில் துணி காயப்போட்டால் கரி படிந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல் இன்றும் பிரச்சினைதான். ரிக்கார்டின் பள்ளத்தில் அது ஊசிக்கு உப்புத்தாள். ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துலக்க வேண்டும், திருப்பித் துலக்கினால் குழாய் மடங்கும். ரிக்கார்டைக் கழுவப் போர்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி, அதில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஓரிரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் இன்னொரு முறை துடைத்தால் போதும்.

தாத்தா காலத்து 78 ரிக்கார்டுகளுக்கு விதி வேறு. வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கில் சேர்த்து வைத்த அந்தக் கனமான கறுப்புத் தட்டுகளின் பள்ளம் எல்.பி.யைவிடப் பல மடங்கு அகலம். எல்.பி. ஊசியை அதில் இறக்கினால் சுவரைத் தொடாமல் அடியில் போய் அழுக்கில் உழும், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வரும். 75 மைக்ரான் அளவுள்ள தனி ஊசி வேண்டும். வி.எம்.95 வரிசையில் அப்படி ஓர் ஊசி இருக்கிறது, அதே கார்ட்ரிட்ஜில் செருகலாம், எடை சுமார் 5 கிராம். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள், பொரிகிற சத்தம் பாதியாகக் குறையும். அந்தத் தட்டுகளில் இருப்பது அரக்கு. வினைலைத் துடைக்கிற ஆல்கஹால் கலந்த திரவம் அதில் பட்டால் பள்ளத்தோடு பாட்டும் கரைந்துவிடும், அதனால் இந்தத் தட்டுகளுக்கு வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் பிழிந்த துணி மட்டும், அதுவும் நடுவில் ஒட்டிய லேபிள் நனையாமல்.